நான்கு வருஷங்களின் கிரயம்

ஓசூர் சிப்காட்டை ஒட்டிய மூக்கண்டப்பள்ளி, ஜூஜூவாடி வீதிகளில், ஆள் சேர்த்துவிடும் ஏஜென்சிக்காரர்கள் சுவர்தோறும் ஒட்டிவைக்கும் ‘ஆட்கள் தேவை’ நோட்டீசுகளை நின்று படித்தவர்கள், நம் காலத்துக் கல்விப் பிரச்சினையின் சாராம்சத்தையே படித்துவிட்டார்கள் என்று சொல்லலாம். பன்னிரண்டாம் வகுப்பு, ஐ.டி.ஐ., டிப்ளமோ, எனி டிகிரி என்று நான்கு வகை யோக்கியதைகளும் ஒரே வரியில் அடுக்கப்பட்டிருக்கும். அவற்றுக்குக் கீழே எல்லோருக்கும் பொதுவாக ஒரே சம்பளமும், கேன்டீன் சாப்பாடும், ரூம் வசதியும், கம்பெனி பஸ்ஸும் அறிவிக்கப்பட்டிருக்கும். பிள்ளையைக் காலேஜில் சேர்ப்பதற்காகத் தளியிலோ அஞ்செட்டியிலோ இருந்த அரை ஏக்கர் நிலத்தை விற்றுவிட்ட ஒரு தகப்பனார் அந்த நோட்டீசைப் பார்த்து, ‘அப்படியானால் நான் கட்டிய பணம் எதற்கு?’ என்று கேட்பாரேயானால், அதை அறியாமையின் கேள்வி என்று தள்ளிவிட நமக்கு உரிமையில்லை. சர்வகலாசாலைக் கல்வி அதற்காகும் செலவுக்குத் தகுந்த பிரயோஜனத்தைத் தருகிறதா என்ற விவாதம் உலகமெங்கும் நடக்கிறது. ஆனால் இந்த எல்லைப் பிரதேசத்தில் அது கேட்கப்படும் தீவிரம் வேறு.

அவருடைய கணக்கையே போட்டுப் பார்ப்போம். சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டில் சேரும் மாணவருக்கு 2017-இல் கட்டண நிர்ணயக் குழு வகுத்த கல்விக் கட்டணம் வருஷத்துக்கு 50,000 ரூபாய். தர அங்கீகாரம் பெற்ற படிப்பானால் 55,000. நான்கு வருஷத்துக்கு இரண்டு லட்சம் என்று ஆரம்பிப்பது, காலேஜ் பஸ், பரீட்சைக் கட்டணம், ஹாஸ்டல், லேப்டாப் என்று சேர்ந்து இரட்டிப்பாவது அபூர்வமன்று. இவற்றுக்கெல்லாம் ரசீது உண்டு. ரசீது இல்லாத செலவு ஒன்றும் இருக்கிறது. பதினெட்டு வயதில் மாதம் 15,000 ரூபாய்க்கு வேலைக்குப் போகக்கூடிய பிள்ளை நாற்பத்தெட்டு மாதம் போகாமல் இருந்தால், அந்த வீட்டுக்கு வராமல் போகும் தொகை 7,20,000 ரூபாய். வேலையே இல்லாத வறண்ட ஜில்லா ஒன்றில் இது வெறும் காகிதக் கணக்காக இருக்கும்; இங்கேயோ தெருமுனையில் விடியற்காலை ஐந்து மணிக்குக் கம்பெனி பஸ் வந்து நிற்கிறது, பக்கத்து வீட்டுப் பெண் அதில் ஏறிப் போகிறாள், ஏழாம் தேதி அவள் வீட்டில் சம்பளம் வருகிறது. பதினெட்டிலிருந்து இருபத்திரண்டு வரையிலான அதே நான்கு வருஷங்களைச் சர்வகலாசாலையும் கேட்கிறது, தொழிற்சாலையும் கேட்கிறது. ஏழைக் குடும்பம் இரண்டில் ஒன்றுக்குத்தான் அவற்றைக் கொடுக்க முடியும்.

தொழிற்சாலை இந்தப் பிரதேசத்துக்குச் செய்த நன்மையைக் குறைத்துப் பேசுவது நன்றிகெட்ட காரியமாகும். மழையை நம்பிக் கேழ்வரகும் அவரையும் பயிரிட்டு வந்த பூமியில், எழுபதுகளில் சிப்காட் வந்தது. 1980-இல் அசோக் லேலண்டு ஆலையும் டி.வி.எஸ். மொபெட் ஆலையும் இயங்கத் தொடங்கின. 1984-இல் டாடா குழுமமும் அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் கூட்டாக டைட்டன் கைக்கடிகார நிறுவனத்தை ஏற்படுத்தின. அந்த ஆலை தன் ஆரம்ப காலத்தில், மேல்நிலைப் பள்ளியை முடித்திருந்த கிராமத்துப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சியளித்தது. கண்ணில் லூப்பை வைத்துக்கொண்டு, ட்வீசர் முனையில் திருகாணியை எடுத்து, மூச்சை அடக்கி அதற்குரிய துளையில் இறக்கிய அந்தப் பிள்ளைகளின் விரல்களில்தான் உலகம் முழுவதும் விற்பனையான ஒரு கடிகாரத்தின் கீர்த்தி உருவாயிற்று. அவர்களில் பலர் பட்டம் பெறாமலே நிரந்தர உத்தியோகம் பெற்றார்கள், வீடு கட்டினார்கள், தம் பிள்ளைகளைப் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுப்பினார்கள். படிப்பில்லாமலே முன்னேறலாம் என்பதற்கு அவர்களைச் சாட்சியாக அழைப்பவர்கள், அந்தத் தலைமுறை தன் முதல் சேமிப்பை எதில் போட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

அன்றைய நிலைமை இன்று இல்லை என்பதும் கவனிக்கத்தக்கது. இன்று மின்சார ஸ்கூட்டர்களும் கைப்பேசி உதிரிபாகங்களும் செய்கிற புதிய ஆலைகள் ஓசூர், தேன்கனிக்கோட்டை, போச்சம்பள்ளி வட்டங்களில் எழுந்துள்ளன. ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் அவற்றில் வேலை செய்கிறார்கள். வட மாநிலங்களிலிருந்துகூட அவர்கள் அழைத்து வரப்படுகிறார்கள். பெண்ணின் கையில் அவள் சம்பாத்தியம் வந்து சேருவது, இளவயதுத் திருமணம் இன்னும் அற்றுப்போகாத இந்த மாவட்டத்தில், சாமானியமான மாறுதலன்று. ஆனால் இந்தத் தொழிற்பேட்டைகளில் இன்று கிடைக்கும் வேலைகளில் பெரும்பகுதி கான்ட்ராக்ட், டிரெயினி, அப்ரண்டிஸ் என்ற பெயர்களில் இரண்டு மூன்று வருஷங்களுக்கு வரையறுக்கப்பட்டது. பதினெட்டில் நுழைந்தவள் இருபத்தொன்றில் வெளியே வரும்போது அவளிடம் இருப்பது ஓர் அனுபவச் சான்றிதழ். அவள் நின்ற இடத்தில் அடுத்த வருஷத்துப் பதினெட்டு வயது வந்து நிற்கிறது.

இனிக் கல்லூரிகளைப் பற்றியும் ஒளிக்காமல் பேசவேண்டும். 1984 முதற்கொண்டு தமிழ்நாட்டில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் பெருகி, ஒரு கட்டத்தில் ஐந்நூறைத் தாண்டி, பிறகு மாணவர்கள் சேராமையால் ஒவ்வொன்றாக மூடப்பட்டு வரும் சரித்திரம் எல்லோரும் அறிந்தது. ஆசிரியருக்கு முறையான சம்பளமில்லாமலும், பட்டறையில் ஓடுகிற யந்திரமில்லாமலும், பரீட்சைக்கு முதல் நாள் வாங்கும் கைடு ஒன்றையே பாடமாகக் கொண்டும் நடக்கிற ஒரு ஸ்தாபனம் நான்கு வருஷத்தின் முடிவில் தருகிற காகிதம், தொழிற்பேட்டையின் வாசலில் மதிப்பிழப்பது நியாயமே. பி.இ. படித்தவன் வேலையில் தங்கமாட்டான் என்று கம்பெனி எண்ணுமோ என்ற பயத்தில், பட்டச் சான்றிதழை வீட்டில் வைத்துவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலை மட்டும் நீட்டி வேலைக்குச் சேருகிற இளைஞர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். பெற்ற கல்வியை மறைத்தால்தான் பிழைக்க முடியும் என்று ஓர் இளைஞன் எண்ணும்படி விடுவது, அவனுக்குக் கற்பித்தவர்களும் அவனை வேலைக்கு அமர்த்துபவர்களும் சேர்ந்து இழைக்கும் அநீதி.

இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும், சர்வகலாசாலைக் கல்வி அதன் கிரயத்துக்குத் தகுந்ததே என்பதுதான் நம் திடமான அபிப்பிராயம். முதற்காரணம், தொழிலின் உள்ளேயே இருக்கிறது. எல்லைக்கு அப்பால், இங்கிருந்து நாற்பது கிலோமீட்டர் தூரத்திலுள்ள பெங்களூரில், 1961 முதல் எச்.எம்.டி. கைக்கடிகாரங்கள் செய்யப்பட்டன, சாவி கொடுக்கும் கடிகாரத்தில் அந்தத் தொழிலாளர்களுக்கு இருந்த கைத்தேர்ச்சியைப் பழித்தவர் எவருமில்லை. குவார்ட்ஸ் கடிகாரம் வந்தது, அதை முழுமனதோடு ஏற்றுக்கொண்ட ஓசூர் வளர்ந்தது, எச்.எம்.டி.யின் கடிகாரத் தொழிலை 2016-இல் மூடிவிட மத்திய அரசு தீர்மானித்தது. அதே மாதிரியான மாறுதல் இன்று நம் ஊர் ஆலைகளின் வாசலிலேயே நிற்கிறது. பிஸ்டனும் கார்புரேட்டரும் கியர்பாக்ஸும் அறிந்த கைகளுக்கு நடுவே, அவையொன்றும் இல்லாத பாட்டரி வண்டி உருண்டு வருகிறது. ஒரு யந்திரத்தை மட்டும் கற்றவனுடைய வாழ்வு அந்த யந்திரத்தின் ஆயுளோடு முடிச்சுப் போடப்பட்டுவிடுகிறது; யந்திரங்களுக்கெல்லாம் அடிப்படையான பௌதிகத்தையும் கணிதத்தையும் கற்றவனோ புதியதை நாற்பது வயதிலும் கற்றுக்கொள்ள முடிகிறது. இருபது வயதின் முதல் சம்பளத்தை மட்டும் ஒப்பிடுகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரிவதில்லை.

இரண்டாவது காரணம் இதனினும் பெரியது. சம்பளச் சீட்டில் பி.எஃப்., இ.எஸ்.ஐ., கேன்டீன், ரூம் வாடகை என்று வரிசையாகப் பிடிக்கப்படும் தொகைகளைப் பார்த்து, இன்னது சட்டப்படி பிடித்தது, இன்னது பிடிக்கக்கூடாதது என்று பிரித்தறிந்து, அதைப் பயமின்றி ஒரு கடிதமாக எழுதிக் கேட்கும் ஆற்றல், தொழிற்பயிற்சிப் பாடத்தில் தனியாகச் சொல்லித்தரப்படுவதில்லை. படித்தும் விவாதித்தும், தன் வீட்டு நிலைமைக்கு அப்பாற்பட்ட மனிதர்களோடு பழகியும் சில வருஷங்களைக் கழித்தவர்களுக்கே அது எளிதில் வாய்க்கிறது. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, பள்ளியில் தமிழில் படித்து, பெங்களூர் ஆபீஸில் ஆங்கிலத்தில் பதில் சொல்லவேண்டியிருக்கிற நம் எல்லைப்புறத்துப் பிள்ளைக்கு, தன் எண்ணத்தைத் தானே உருவாக்கிக்கொள்ள அவகாசம் கிடைக்கும் ஒரே இடம் கல்லூரிதான். அந்த அவகாசத்தைப் பணக்காரப் பிள்ளைக்குப் பிறப்புரிமையாகவும், ஏழைப் பிள்ளைக்கு வீண்செலவாகவும் கருதுவது தர்மமாகாது.

இந்தக் கேள்வியைத் தமிழ்நாடு ஏற்கெனவே ஒருமுறை எதிர்கொண்டிருக்கிறது. அதில் சம்பந்தப்பட்டவர் இந்த மண்ணில் பிறந்தவர். ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்து, ஓசூர் அரசுப் பள்ளியிலும் பெங்களூர் சென்ட்ரல் காலேஜிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் கற்று, தேசத்தின் மிக உயர்ந்த பதவியில் அமர்ந்த ராஜாஜி, 1953-இல் முதலமைச்சராக இருந்தபோது, கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளின் பாட நேரத்தைக் குறைத்து, மிச்ச நேரத்தில் பிள்ளைகள் வீட்டுத் தொழிலைப் பழகவேண்டும் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். பள்ளிகளும் பணமும் போதாத காலத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் கொஞ்சமேனும் கல்வி கிடைக்கட்டும் என்பது அவர் தரப்பு நியாயம்; அப்பனின் தொழிலிலேயே பிள்ளையைக் கட்டிப்போடும் குலக்கல்வி அது என்பது எதிர்த்தவர்களின் தரப்பு. 1954-இல் காமராஜர் பதவியேற்றதும் அத்திட்டம் கைவிடப்பட்டது. ஏழையின் படிப்பு நேரத்தை வேலைக்குக் கிரயம் பண்ணுவதில்லை என்று நாடு அன்று எடுத்த முடிவின் பலன், 2021-22-ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்வி ஆய்வில் தெரிகிறது: உயர்கல்வியில் சேருவோர் விகிதம் இந்தியாவில் 28.4 ஆக இருக்க, தமிழ்நாட்டில் 47. முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குக் கட்டணச் சலுகையும், 2022-இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் ஆயிரம் ரூபாயும், 2024-இல் வந்த தமிழ்ப்புதல்வன் திட்டமும் அந்த வழியிலேயே வந்தவை. அவற்றை மனமார வரவேற்கிறோம். ஆயினும், கம்பெனி பதினைந்தாயிரத்தோடு வாசலில் நிற்கும் ஊரில் ஆயிரம் ரூபாய் ஊக்கம் தருமேயன்றி, இழந்த சம்பளத்தை ஈடுசெய்யாது.

ஆகவே, ‘செலவுக்குத் தகுந்ததா’ என்பதோடு ‘யாருடைய செலவு’ என்பதையும் சேர்த்துக் கேட்கவேண்டும். கல்வியின் பலனைக் கம்பெனியும் அரசும் குடும்பமும் பகிர்ந்துகொள்ள, கிரயம் முழுவதையும் அரை ஏக்கர் நிலத்தின்மீது சுமத்துவது முறையன்று. டைட்டன் பங்குகளில் கால்பாகத்துக்கும் மேல், ஏறத்தாழ 28 சதவீதம், இன்றும் டிட்கோவின் வசம் இருக்கிறது. அதன் லாப ஈவாகச் சமீப வருஷங்களில் இருநூறு கோடி ரூபாய்க்கு மேல் வருகிறது. பட்டம் பெறாத கிராமத்துப் பிள்ளைகளின் உழைப்பிலும் விளைந்த அந்தச் செல்வத்தில் ஒரு பகுதி, இந்தப் பிரதேசத்தில் வேலைசெய்யும் இளைஞர்களின் கல்விக்கு வருஷந்தோறும் திரும்பிவருவதே பொருத்தமாகும்.

எதற்குச் செலவிடுவது என்றும் சொல்லிவிடுகிறோம். பதினெட்டில் வேலைக்குப் போனவனுக்கும் சர்வகலாசாலையின் கதவு மூடக்கூடாது. கோயம்புத்தூரிலும் சேலத்திலும் டிப்ளமோ முடித்து வேலைபார்ப்பவர்கள் மாலைநேரத்தில் பி.இ. படிக்க அரசு கல்லூரிகளே வழிசெய்திருக்கின்றன. நம் மாவட்டத்து அரசு பொறியியல் கல்லூரியோ பர்கூரில், ஓசூரிலிருந்து அறுபது கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. ஓசூரிலேயே, தொழிற்பேட்டையின் அருகிலேயே, அரசின் வேலைநேரக் கல்லூரி ஒன்று வேண்டும். சாதாரண மாலைக் கல்லூரி இங்கே பயன்படாது. ஏனெனில் இந்த வாரம் காலை ஆறு மணி ஷிப்ட் பார்ப்பவன் அடுத்த வாரம் பிற்பகல் இரண்டு மணி ஷிப்டுக்கும், அதற்கடுத்த வாரம் இரவு ஷிப்டுக்கும் மாறுகிறான். ஒரே பாடத்தைக் காலையிலும் மாலையிலும் இருமுறை நடத்தினால், எந்த ஷிப்டில் இருப்பவனும் ஏதேனும் ஒரு வகுப்புக்கு வந்துவிடலாம். ஐ.டி.ஐ.யிலிருந்து டிப்ளமோவுக்கும், டிப்ளமோவிலிருந்து நேரடி இரண்டாம் வருஷத்துக்கும் இப்போதுள்ள படிகளை வேலைசெய்பவர்களும் ஏறும்படி அமைக்கவேண்டும். அப்படிப் படித்து முடித்தவரின் பட்டத்தை மதித்து, கம்பெனிகள் அவரைக் கான்ட்ராக்டிலிருந்து நிரந்தர வேலைக்கு உயர்த்தவேண்டும்.

பெற்றோருக்கு நாம் கூறுவது இது: கல்லூரியைக் கட்டடத்தையும் பஸ்ஸையும் விளம்பரத்தையும் பார்த்துத் தேர்ந்தெடுக்காமல், ஆசிரியரையும் ஆய்வுக்கூடத்தையும் நூலகத்தையும் விசாரித்துத் தேர்ந்தெடுங்கள், கற்பிக்காத கல்லூரிக்காக நிலத்தை விற்காதீர்கள், கற்பிக்கிற கல்லூரி கிடைத்தால், பக்கத்து வீட்டுச் சம்பளத்தைக் கண்டு பிள்ளையைத் திருப்பி அழைக்காதீர்கள். ஆட்சியாளருக்கும் ஆலை அதிபர்களுக்கும் நாம் கூறுவது, இந்தப் பிரதேசத்துக்கு இடமும் தண்ணீரும் மின்சாரமும் மனித சக்தியும் கேட்டு வந்தவர்கள், அந்த மனிதர்கள் வளருவதற்கான வழியையும் அமைத்துத் தரக் கடமைப்பட்டவர்கள் என்பதுதான். அந்தக் கடமை நிறைவேறும் நாளில், படிப்பா வேலையா என்று பதினெட்டு வயதில் ஒரே ஒரு முறை முடிவுசெய்து, ஆயுள் முழுவதும் அதன் பலனைச் சுமக்கவேண்டிய கட்டாயம் எந்த ஏழைப் பிள்ளைக்கும் இராது.