கேக் செய்யத் தனி டின் வேணுமா?

தம்பி தன் பிறந்தநாளுக்கு நடுவில் ஓட்டை உள்ள கேக் கேட்டான். அதற்கான டின்னின் விலையைக் கேட்டதும் அம்மா பேசாமல் கடையை விட்டு வந்துட்டாங்க. எனக்கு மனசு கேட்கலை.

அந்த ஓட்டை அழகுக்கு மட்டுமல்ல. நடுமாவுக்கும் சூடு போகணும் என்பதற்காகத்தான். அப்படீன்னா டம்ளர் போதாதா? அலுமினியப் பாத்திரத்தின் நடுவில் எவர்சில்வர் டம்ளரை நிறுத்தி, நகராமல் இருக்க அதனுள் கல்லுப்பு போட்டேன். பாத்திரத்தின் உள்ளேயும் டம்ளரின் வெளியேயும் நெய் தடவி, மைதா தூவி, பாதியளவு மாவு ஊற்றினேன். குக்கரிலும் உப்பு பரப்பி, கேஸ்கட், வெயிட் இரண்டையும் எடுத்துவிட்டு, சிறு தீயில் சுமார் 40 நிமிடம். ஈர்க்குச்சி குத்தினால் மாவு ஒட்டவில்லை!

ஒரு பக்கம் கொஞ்சம் சரிந்திருந்தது. தம்பி அந்தப் பக்கத்தைத்தான் முதலில் கேட்டான்.

டின் வாங்கின பிறகு கத்துக்கலாம் என்று காத்திருப்பது தப்பு என்பது என் கருத்து. அது ஏன் அந்த வடிவத்தில் இருக்குன்னு யோசித்தால், மாற்று நம்ம அடுப்படியிலேயே இருக்கும். பிளாஸ்டிக் மட்டும் வேண்டாம், உருகிடும்! பெரியவங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நீங்களும் செய்து பாருங்கள்.

– 9ஆம் வகுப்பு மாணவி