போட்டாச்சு சரி, பார்த்தாச்சா?

திருச்சுழி, நரிக்குடி பக்கம் எந்தக் கிராமத்துக்குப் போனாலும் முதலில் கண்ணில் படுவது மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டிதான். கண்மாயில் தண்ணீர் இருக்கிறதோ இல்லையோ, தொட்டி நிச்சயம் இருக்கும்! பல தொட்டிகளில் பெயிண்டால் இரண்டு வரி எழுதியிருப்பார்கள். சுத்தம் செய்த நாள், அடுத்து சுத்தம் செய்ய வேண்டிய நாள். குடத்தோடு வரிசையில் நிற்பவர்கள் அதைப் படித்துவிட்டு நிம்மதியாகத் தண்ணீர் பிடித்துப் போகிறார்கள்.

அந்தத் தேதி உண்மையாகவே இருக்கலாம். ஆனால் இன்று காலை கடைசித் தெருக் குழாயில் வந்த தண்ணீரில் குளோரின் இருந்ததா? இந்தக் கேள்விக்கு அந்தப் பெயிண்ட் பதில் சொல்லாது. ஊரில் யாரும் இதைக் கேட்பதும் இல்லை.

இதே கேள்வி பணக்காரர்களின் நீச்சல் குளத்திலும் இருக்கிறது. உப்புத் தண்ணீர் குளோரினேட்டர் என்று ஒரு மெஷின் உண்டு. குளத்து நீரில் லிட்டருக்கு மூன்று நான்கு கிராம் உப்பைக் கரைத்துவிட்டால் போதும் (கடல் நீரில் சுமார் 35 கிராம்). மெஷினுக்குள் இருக்கும் தகடுகளில் மின்சாரம் பாயும்போது அந்த உப்பிலிருந்தே குளோரின் உண்டாகும். அந்தத் தகடுகள் டைட்டானியம், மேலே ருத்தேனியம் ஆக்சைடு பூச்சு. இந்த விஷயத்துக்கும் நம் பக்கத்துக்கும் தொடர்பு உண்டு. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறதே, அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-ல் திறக்கப்பட்டது, இந்த வகை டைட்டானியம் மின்முனைகளை நம் நாட்டுத் தொழிற்சாலைகளுக்காக உருவாக்கியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

சரி, அந்த மெஷின் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பச்சை விளக்கு எரிகிறது, அதனால் வேலை செய்கிறது என்பதுதான் பெரும்பாலானவர்களின் பதில். கரண்ட் வருகிறது என்பதற்குத்தான் விளக்கு சாட்சி. குளோரின் வருகிறது என்பதற்கு அல்ல. கடினத் தண்ணீராக இருந்தால் தகட்டில் சுண்ணாம்பு படிந்து உற்பத்தி குறைந்துவிடும். (நம் போர் தண்ணீர் காயும் பாத்திரத்தில் படிகிற அதே வெள்ளைதான்.) உப்பு குறைந்திருக்கலாம். பூச்சு தேய்ந்திருக்கலாம். மெஷின் சரியாக இருந்தும், வெயில் குளோரினைத் தின்றுவிடலாம்.

எனவே விளக்கை விட்டுவிட்டு தண்ணீரைப் பார்க்க வேண்டும். மெஷினிலிருந்து தண்ணீர் திரும்பி வரும் இடத்தில் ஒரு மாதிரி, குளத்தின் மறு கோடியில் ஒரு மாதிரி எடுத்துச் சோதித்தால், முதலாவதில் குளோரின் கூடுதலாக இருக்க வேண்டும். பொழுது சாய்ந்ததும் ஒரு முறை, இரவு முழுவதும் மெஷினை ஓடவிட்டு விடிவதற்குள் ஒரு முறை சோதித்து, அளவு ஏறியிருந்தால் மெஷின் வேலை செய்கிறது. பகலில் மட்டும் இறங்கினால் திருடன் வெயில்!

மூக்கை நம்பவும் கூடாது. நீச்சல் குளத்தில் குப்பென்று வரும் வாடை குளோரின் நிறைய இருப்பதால் வருவதில்லை. வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து குளோரின் தீர்ந்துபோனதன் வாடைதான் பெரும்பாலும் அது.

இனி நம் தொட்டிக்கு வருவோம். இங்கே மெஷின் இல்லை, பிளீச்சிங் பவுடர். 1000 லிட்டருக்கு 4 கிராம் என்பது கணக்கு. 30,000 லிட்டர் தொட்டிக்கு 120 கிராம். வாளியில் கரைத்து, தெளிந்த நீரை ஊற்றி, அரை மணி நேரம் கழித்துத் திறந்துவிட வேண்டும். குழாயில் வரும்போது குறைந்தது 0.2 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 0.2 மில்லி கிராம் குளோரின் மிச்சமிருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். இந்த மிச்சம்தான் முக்கியம். வழியில் புதிதாகக் கிருமி சேர்ந்தால் அதைக் கொல்ல ஆள் இருக்கிறது என்று அர்த்தம்.

புதுப் பவுடரில் நூற்றுக்கு முப்பது பங்குக்கு மேல் குளோரின் இருக்கும். வாய் திறந்த மூட்டை மோட்டார் ரூமில் சித்திரை வெயிலில் கிடந்தால் அது நாளுக்கு நாள் பறந்துபோகும். ஆப்பரேட்டர் நேர்மையாக 120 கிராம் நிறுத்துப் போடுவார், நோட்டிலும் எழுதுவார். நோட்டில் பொய் இல்லை, தண்ணீரில் குளோரினும் இல்லை! இன்னொன்று, இங்கே குழாயில் நாள் முழுக்கத் தண்ணீர் வருவதில்லை. நின்ற நேரத்தில் காலிக் குழாய் விரிசல் வழியாகச் சாக்கடைத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால் தொட்டிக்கு அடியில் சோதித்தால் போதாது, கடைசிக் குழாயில் சோதிக்க வேண்டும்.

இதெல்லாம் கிராமத்துப் பிரச்சினை, வெளிநாட்டில் நடக்காது என்று நினைப்பவர்களுக்கு ஓர் உதாரணம். கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில் வாக்கர்டன் என்று ஒரு சின்ன ஊர், மக்கள் சுமார் 5,000 பேர். 2000-ம் ஆண்டு மே மாதம் பெய்த கனமழையில் மாட்டுச் சாணக் கழிவு குடிநீர்க் கிணற்றில் இறங்கியது. 2,300 பேருக்கு நோய், 7 பேர் மரணம். பிறகு நடந்த நீதி விசாரணையில் என்ன தெரிந்தது? தண்ணீர் வழங்கும் பொறுப்பில் இருந்தவர்கள் பல காலமாகக் குளோரினைச் சோதிக்காமலே ரிஜிஸ்டரில் 0.5, 0.75 என்று எழுதி வந்திருக்கிறார்கள். போட வேண்டிய அளவும் போடவில்லை. குளோரின் வாடை அடிக்கிறது என்று ஊர்க்காரர்கள் குறை சொன்னதும் அதற்கு ஒரு காரணம். குளோரினைத் தொடர்ந்து அளக்கும் கருவி அந்தக் கிணற்றில் இருந்திருந்தால் இந்தப் பரவலைத் தடுத்திருக்கலாம் என்றது விசாரணை அறிக்கை.

பி.காம். படிப்பவர்களுக்கு இது புதிதல்ல. ஆடிட்டிங்கில் வவுச்சிங் வேறு, வெரிஃபிகேஷன் வேறு. பில் இருக்கிறதா என்று பார்ப்பது முதலாவது. சரக்கு குடோனில் இருக்கிறதா என்று போய்ப் பார்ப்பது இரண்டாவது. நம் ஊர்க் குடிநீரில் வவுச்சிங் மட்டும்தான் நடக்கிறது. வாங்கிய மூட்டைக்கு பில், போட்ட பவுடருக்கு நோட்டு, கழுவிய நாளுக்குப் பெயிண்ட். சரக்கை, அதாவது தண்ணீரை, எண்ணிப் பார்ப்பவர் யார்?

ஆப்பரேட்டரைக் குற்றம் சொல்வது சுலபம். குறைந்த சம்பளத்தில் விடியற்காலை மோட்டார் போட்டு, வால்வு திருப்பி, தொட்டி ஏறி இறங்குபவர் அவர். கொஞ்சம் கூடுதலாகப் பவுடர் போட்டால் "என்னண்ணே, தண்ணி மருந்து நாத்தம் அடிக்குது, டீ கூடப் போட முடியலே" என்று தெருவே சண்டைக்கு வரும். மறுநாள் அவர் கையைக் குறைத்துக்கொள்வார். சோதனைக் குழாயில் நிறத்தைக் காட்டி "பாருங்கம்மா, அளவாத்தான் இருக்கு" என்று சொல்ல அவரிடம் ஒன்றும் இல்லாதவரை, சத்தம் போடுபவர்தான் அளவைத் தீர்மானிப்பார்.

இதற்குப் பெரிய செலவும் இல்லை. சின்னக் குழாயில் தண்ணீர் பிடித்து, சில சொட்டு மருந்து விட்டு, மஞ்சள் நிறம் எவ்வளவு வருகிறது என்று அட்டையோடு ஒப்பிட வேண்டும், அவ்வளவுதான். 2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீர் சோதிக்கப் பயிற்சி தர வேண்டும் என்றே இருக்கிறது. அந்த ஐந்து பேர் யார் என்று ஊருக்குத் தெரிய வேண்டும். சோதனைப் பெட்டி அலுவலக பீரோவில் தூங்காமல் அவர்கள் கையில் இருக்க வேண்டும். தொட்டியில் சுத்தம் செய்த நாளுக்குக் கீழே மூன்றாவதாக ஒரு வரி வர வேண்டும்: இன்று, கடைசிக் குழாயில், இவ்வளவு. சாக்பீஸால் எழுதினாலும் போதும். தினமும் அழித்து எழுத வேண்டியதுதானே அது!

நீச்சல் குளத்தில் குளோரின் இல்லையென்றால் தண்ணீர் பச்சையாகி ஊருக்கே காட்டிக்கொடுத்துவிடும். தொட்டித் தண்ணீர் அப்படிக் காட்டிக்கொடுக்காது. கண்ணாடி மாதிரி தெளிவாகவே வரும். தெரிய வருவது குழந்தையை வயிற்றுப்போக்கோடு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடும்போதுதான்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது தொட்டியில் எழுதியிருக்கும் தேதியைப் படித்ததோடு திரும்பிவிடாதீர்கள். ஆப்பரேட்டர் அண்ணனிடம் சண்டை போடாமல் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். போட்டாச்சு சரி, பார்த்தாச்சா?