மைக்ரோகண்ட்ரோலருக்கு எந்த டீபகர்? மலிவாக வாங்கலாம், போலி வேண்டாம்!

சென்சார் வாங்குவார்கள், மோட்டார் வாங்குவார்கள், டிஸ்பிளே வாங்குவார்கள். இறுதியாண்டு புராஜெக்ட்டுக்காகச் சென்னை ரிச்சி தெருவுக்கு வரும் மாணவர்களில் பெரும்பாலோர் வாங்காமல் போகும் பொருள் ஒன்று உண்டு: டீபகர். கேட்டால், “எதுக்குங்க அது? யுஎஸ்பி ஒயர் போட்டாலே புரோகிராம் ஏறிடுதே” என்பார்கள்.

ஏறிவிடும், உண்மைதான். ஆர்டுயினோ யூனோவில் பூட்லோடர் முன்கூட்டியே இருக்கிறது. யுஎஸ்பி வழியாக வரும் புரோகிராமை வாங்கி ஃபிளாஷ் நினைவகத்தில் எழுதிவிடும். சிக்கல் தொடங்குவது அதற்குப் பிறகு. புரோகிராம் மூன்று நிமிடம் ஓடி நின்றுவிடுகிறது. ஏன்? ஆங்காங்கே ஒரு வரி சேர்த்து சீரியல் மானிட்டரில் அச்சிட்டுப் பார்ப்பதுதான் நமக்குத் தெரிந்த ஒரே வைத்தியம். ஆனால் அச்சிடுவதற்கும் நேரம் ஆகும். 115200 வேகத்தில் ஒரு எழுத்து வெளியே போக ஏறக்குறைய 87 மைக்ரோ விநாடி. 40 எழுத்துள்ள வரிக்கு மூன்றரை மில்லி விநாடி. மோட்டாரைக் கட்டுப்படுத்தும் புரோகிராமில் அந்தத் தாமதமே பிழையை மறைத்துவிடும். இல்லாவிட்டால் புதிதாக ஒன்றைக் கொண்டுவரும்.

டீபகர் என்பது சிப்புக்குள்ளேயே இருக்கும் சோதனைச் சுற்றுடன் பேசும் கருவி. வேண்டிய வரியில் புரோகிராமை நிறுத்தலாம், ஒவ்வொரு வரியாக நகர்த்தலாம், மாறிகளிலும் ரெஜிஸ்டர்களிலும் என்ன இருக்கிறது என்று பார்க்கலாம். புரோகிராம் விழுந்துவிட்டால் எந்த இடத்தில் விழுந்தது என்று காட்டும். புரோகிராமர் என்பது வேறு. அது எழுதுவதோடு சரி. ஏவிஆர் சிப்களுக்குக் கடைகளில் கிடைக்கும் யுஎஸ்பிஏஎஸ்பி வெறும் புரோகிராமர்தான். பலர் அதை டீபகர் என்று நினைத்து வாங்கி ஏமாறுகிறார்கள்.

முதலில் சிப், பிறகு கருவி

எந்த டீபகர் நல்லது என்று கேட்பதற்கு முன் எந்தச் சிப் என்று சொல்ல வேண்டும். பிக் சிப் என்றால் மைக்ரோசிப் நிறுவனத்தின் பிக்கிட் அல்லது ஸ்னாப். அங்கே பெரிதாக யோசிக்க ஒன்றுமில்லை. ஈஎஸ்பி32 வரிசையில் எஸ்3, சி3 சிப்களுக்குள் யுஎஸ்பி ஜேடாக் வசதி ஏற்கெனவே இருக்கிறது. தனியாக எதுவும் வாங்க வேண்டாம். யூனோவில் இருக்கும் ஏடிமெகா328பி சிப்பில் டீபக்ஒயர் என்ற ஒற்றை ஒயர் முறை உண்டு. பயன்படுத்துகிறவர்கள் குறைவு.

விஷயம் சூடுபிடிப்பது ஆர்ம் கார்டெக்ஸ்-எம் சிப்களில். எஸ்டிஎம்32, பிக்கோவின் ஆர்பி2040 எல்லாம் இந்த வகை. எஸ்டபிள்யூடி என்ற முறையில் தகவலுக்கு ஒரு ஒயர், கடிகாரத்துக்கு ஒன்று, கூடவே கிரவுண்ட், அவ்வளவுதான். ஆகவே இங்கே கருவிகளும் நிறைய, போலிகளும் நிறைய.

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பென் டிரைவ் வடிவ எஸ்டி-லிங்க் நகல்களை எடுத்துக்கொள்வோம். முதல் நாள் அருமையாக வேலை செய்யும். அதனால்தான் பலரும் சிபாரிசு செய்கிறார்கள். ஆனால் பல நகல்களில் ரீசெட் பின் எஸ்டிஎம்8 சிப்களுக்கு மட்டுமே வேலை செய்கிறது. உங்கள் புரோகிராம் தவறுதலாக எஸ்டபிள்யூடி பின்களையே வேறு வேலைக்கு மாற்றிவிட்டால், ரீசெட்டைப் பிடித்துக்கொண்டுதான் சிப்புக்குள் நுழைய முடியும். நகலால் அது முடியாது. மாணவர், “போர்டு செத்துப்போச்சு” என்று முடிவு கட்டி அதைத் தூக்கிப் போட்டுவிடுவார். செத்தது எதுவும் இல்லை. பூட்0 பின்னை மேலே ஏற்றி ரீசெட் கொடுத்தாலே பெரும்பாலும் மீண்டுவிடும். இதைச் சொல்லித்தர ஆள் இல்லை என்பதுதான் பிரச்சினை.

அடுத்து, மின்னழுத்தம். அசல் எஸ்டி-லிங்க் எதிரே இருக்கும் போர்டின் மின்னழுத்தத்தை அறிந்து 1.65 வோல்ட் முதல் 3.6 வோல்ட் வரை ஈடுகொடுக்கும். நகல் கண்ணை மூடிக்கொண்டு 3.3 வோல்ட்டில் பேசும். 1.8 வோல்ட் சிப்பில் அதை மாட்டினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. புளூ பில் போர்டுகளில் சிப்பே நகலாக இருப்பது இன்னொரு கூத்து. ஓப்பன்ஓசிடி மென்பொருள் சிப்பின் அடையாள எண் பொருந்தவில்லை என்று இணைய மறுக்கும். போலிக் கருவியும் போலிச் சிப்பும் சேர்ந்தால் பிழை எங்கே இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

இத்தனைக்கும் அசலே மலிவாகக் கிடைக்கிறது. எஸ்டி நிறுவனத்தின் நியூக்ளியோ போர்டிலேயே அசல் எஸ்டி-லிங்க் இருக்கிறது. வழக்கமான நியூக்ளியோ-64 போர்டுகள் பலவற்றில் சிஎன்2 என்று குறித்த இடத்தில் உள்ள இரண்டு ஜம்பர்களைக் கழற்றினால், அதே கருவி வெளியில் இருக்கும் போர்டையும் டீபக் செய்யும். இன்னொன்று, ராஸ்பெர்ரி பை நிறுவனம் 2023இல் வெளியிட்ட டீபக் புரோப். அறிவிப்பு விலை 12 டாலர். அதுவும் கைக்கு எட்டவில்லை என்றால் 4 டாலருக்கு வந்த பிக்கோ போர்டில் இலவச ஃபர்ம்வேரை ஏற்றினால் போதும், டீபகர் தயார். சிஎம்எஸ்ஐஎஸ்-டாப் என்ற பொது முறையில் பேசுவதால் ஒரே நிறுவனத்தின் சிப்புக்குள் அடைபட மாட்டீர்கள். என்னைக் கேட்டால், கற்கிறவருக்கு முதல் டீபகர் இதுதான். ஓப்பன்ஓசிடி பழகக் கொஞ்சம் பொறுமை வேண்டும், அவ்வளவே.

ஜே-லிங்க் யாருக்கு? தொழிலாகச் செய்கிறவர்களுக்கு. கார்டெக்ஸ்-எம்0 சிப்பில் அதிகபட்சம் நான்கு இடங்களில்தான் வன்பொருள் பிரேக்பாயின்ட் வைக்க முடியும். ஜே-லிங்கின் மேல் மாதிரிகளில் ஃபிளாஷிலேயே வேண்டிய அளவு வைக்கலாம். விலை சில நூறு டாலர். மாணவர்களுக்கான ஈடியு மினி மலிவு. ஆனால் அதன் உரிமம் படிப்புக்கும் வணிக நோக்கமில்லாத வேலைக்கும் மட்டுமே. ஸ்டார்ட்-அப் ஆரம்பித்துவிட்டு, “சின்ன கம்பெனிதானே” என்று அதையே ஓட்டுவது சரியில்லை. போலி ஜே-லிங்க் பக்கமே போக வேண்டாம். மென்பொருளைப் புதுப்பித்ததும் கருவி நகல் என்று கண்டுபிடித்து வேலையை நிறுத்திவிடும்.

ஒரு எச்சரிக்கை. மோட்டார் டிரைவரை டீபக் செய்யும்போது பிரேக்பாயின்ட்டில் நிற்பது புரோகிராம் மட்டும்தான், டைமர் நிற்காது. பிடபிள்யூஎம் வெளியீடு அப்படியே ஓடிக்கொண்டிருக்க, மாஸ்ஃபெட் புகைந்துவிடும். எஸ்டிஎம்32இல் டீபக் நேரத்தில் டைமரையும் சேர்த்து நிறுத்த ஒரு ரெஜிஸ்டர் இருக்கிறது. முதல் வேலையாக அதைப் போட்டுவிடுங்கள்.

கல்லூரிகளிடம் கேட்க வேண்டியதும் ஒன்று உண்டு. ஆய்வகத்தில் 15 மேசை என்றால், 12 டாலர் கணக்கில் 180 டாலர். வரியும் அனுப்பும் செலவும் தனி. புராஜெக்ட் வைவாவில், “இந்த வரியில் நிறுத்தி, இந்த மாறியின் மதிப்பைக் காட்டு” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால்கூட மாணவர்கள் தானாகப் பழகிக்கொள்வார்கள்.

சொந்தமாக பிசிபி வடிவமைக்கிறவர்கள், தகவல், கடிகாரம், ரீசெட், கிரவுண்ட், மின்சாரம் என்று ஐந்து துளைகளுக்கு இப்போதே இடம் விட்டுவிடுங்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், அரை மில்லிமீட்டர் இடைவெளியில் நிற்கும் சிப்பின் கால்களில் ஒயரைப் பற்றவைத்துக்கொண்டு உட்கார வேண்டிவரும்.