மயக்கத்திலும் உறங்காத காவலர்

சிலாபத்திலிருந்து புத்தளத்துக்குச் செல்லும் பெருந்தெருவில், தென்னந்தோப்புகளுக்கும் கடலுக்கும் இடையே, களப்பை ஒட்டிக் கிடக்கும் ஊர் முந்தல். ஒல்லாந்தர் காலத்து வாய்க்கால் அந்தக் களப்பைப் புத்தளக் களப்போடு இணைக்கிறது. அங்கே என் பெரியம்மா வாழ்கிறார். வயது எண்பதைக் கடந்துவிட்டது. சென்ற மாரியில் ஒரு நாள் கிணற்றடியில் வழுக்கி விழுந்தவருக்குத் தொடையெலும்பின் கழுத்து முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரி வைத்தியர், "சத்திரசிகிச்சை செய்தே ஆகவேண்டும், தாமதிக்க வேண்டாம்" என்றார்.

வைத்தியர் சொன்னது ஒன்று; வீட்டார் நினைத்தது வேறு. அன்று மாலையே அண்ணன் எனக்குத் தொலைபேசியில் பேசினார். "தம்பி, மயக்க மருந்து மூளையைக் கெடுத்துவிடும் என்கிறார்களே! எங்கள் தெருவில் ஓர் ஆச்சிக்கு அப்படித்தான் ஆயிற்று. மயக்கம் தெளிந்த பிறகு, பெற்ற மகனைப் பார்த்து 'நீ யார்?' என்று கேட்டாராம். அம்மாவுக்கும் அப்படி வந்துவிட்டால் என்ன செய்வது? எண்ணெய் போட்டுக் கட்டிப் பார்க்கலாமா?"

நேயர்களே, அவரது அச்சத்தை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. முதியோர் சிலர் சத்திரசிகிச்சைக்குப் பின் சில நாட்கள் புத்தி தடுமாறுவது உண்மை. ஆயினும் அந்தத் தடுமாற்றத்துக்கு மயக்க மருந்துதானா காரணம்? இந்த வினாவுக்கு விடை தேடிய விஞ்ஞானிகள், நம் மூளையில் ஓயாது காவல் புரியும் ஒரு கூட்டத்தைப் பற்றி அரிய செய்திகளை அறிந்து சொல்லியிருக்கின்றனர்.

நம் உடலில் நோய்க் கிருமிகளை எதிர்த்துப் போராடும் நிர்ப்பீடனக் கலங்கள் உண்டு என்பதை மாணவர்கள் பாடசாலையிலேயே படித்திருப்பர். மூளைக்கென்று அத்தகைய கலங்கள் தனியே உள்ளன. அவற்றின் பெயர் மைக்ரோகிளியா. அவற்றைத் தனி இனமாகப் பிரித்துக் காட்டிப் பெயரிட்டவர் ஸ்பெயின் நாட்டு விஞ்ஞானி பியோ தெல் ரியோ ஒர்தேகா, ஆண்டு 1919. நடுவே ஒரு சிறிய உடல், அதிலிருந்து நாற்புறமும் கிளைவிட்டு நீளும் மெல்லிய கைகள்: இதுவே அக்கலத்தின் தோற்றம். இறந்த கலங்களை அகற்றுவதும், காயத்தை அடைப்பதும், கிருமியைத் தாக்குவதும் அவற்றின் பணி.

ஆபத்து வரும்வரை இவை சும்மா கிடக்கின்றன என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தனர். 2005-ஆம் ஆண்டில் அந்த எண்ணம் மாறிற்று. ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் இருந்த ஆராய்ச்சியாளர்கள், உயிருள்ள சுண்டெலியின் மூளையை நவீன நுணுக்குக்காட்டியால் நேரே பார்த்தனர். மைக்ரோகிளியாவின் கைகள் இடைவிடாமல் நீண்டும் சுருங்கியும் சுற்றுப்புறத்தைத் தடவிக்கொண்டிருந்தன! சில மணி நேரத்துக்கு ஒரு முறை அவை மூளை முழுவதையும் சோதித்து முடித்துவிடும் என்று கணக்கிட்டனர்.

ஆனால் அங்கே ஒரு சிக்கல் இருந்தது. அந்தச் சுண்டெலிகள் மயக்க மருந்தின் பிடியில் இருந்தவை. விழித்திருக்கும் மூளையிலும் காவல் இப்படித்தான் நடக்கிறதா?

இதற்கு 2019-இல் விடை கிடைத்தது. அமெரிக்காவின் ரொச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஒரு குழுவினரும், மாயோ கிளினிக்கில் மற்றொரு குழுவினரும், விழித்திருக்கும் சுண்டெலிகளையும் மயக்கத்தில் இருப்பவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்தனர். இரு சாராரும் கண்டது ஒன்றே. விழித்திருக்கையில் கைகள் சற்று ஒடுங்கியிருக்கின்றன. மயக்கம் கொடுத்ததும் அவை மேலும் நீண்டு, அதிக இடத்தைத் தடவுகின்றன. காரணம் நோர்அட்ரினலின் என்னும் இரசாயனப் பொருள். மூளைத்தண்டிலே நீலநிறமாகத் தோன்றும் ஒரு சிறு புள்ளி, நாம் விழித்திருக்கையில் அதை மூளையெங்கும் பரப்புகிறது. அது மைக்ரோகிளியாவின் கைகளை அடக்கி வைக்கிறது. மயக்க மருந்து அந்தச் சுரப்பைக் குறைக்கவே, கைகள் கட்டவிழ்ந்து நீள்கின்றன.

முந்தல் பக்கத்து இறால் பண்ணைகளைக் கண்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பகலில் பண்ணையில் ஆட்கள் நடமாடும்போது காவற்காரன் குடிலில் அமர்ந்திருப்பான். எல்லோரும் போய், இருள் சூழ்ந்த பிறகுதான் அவன் விளக்கை எடுத்துக்கொண்டு வரப்பெல்லாம் சுற்றி வருவான். நாம் மயங்கிக் கிடக்கும்போது மூளையின் காவலரும் அதையே செய்கின்றனர்.

மயக்கம் தெளியும் வேளையிலும் இவர்களுக்கு வேலை உண்டு. நரம்புக் கலங்களை அடக்கும் தொடர்புகள் சில அவற்றின் உடலோடு ஒட்டியிருக்கின்றன. சுண்டெலிகளில் மைக்ரோகிளியாவின் கைகள் இடையே புகுந்து அத்தொடர்புகளை மறைத்து, அடங்கிக் கிடந்த நரம்புக் கலங்கள் மீண்டும் சுறுசுறுப்படைய உதவுகின்றன என்று 2024-இல் வெளியான ஆராய்ச்சி காட்டிற்று.

அப்படியானால் புத்தி தடுமாறுவது ஏன்? காவற்காரன் சுற்றி வருவதால் பண்ணைக்குக் கேடில்லை. எங்கோ ஓர் அபாயக் குரல் கேட்டு, அவன் இருட்டில் தடியைச் சுழற்றத் தொடங்கினால்தான் வீட்டுப் பொருளும் உடைகிறது. அந்த அபாயக் குரல் பெரும்பாலும் காயத்திலிருந்து எழுகிறது. எலும்பு முறிந்தாலும், கத்தி பட்டாலும், உடல் அழற்சிப் பொருள்களை இரத்தத்தில் விடுகிறது. அந்தச் செய்தி மூளையை எட்டும்போது மைக்ரோகிளியா கிளர்ச்சியுற்று, தானும் அழற்சிப் பொருள்களைச் சுரக்கிறது. நினைவுக்குரிய பகுதி அதனால் தாக்குறுகிறது. 2010-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், சுண்டெலிகளின் காலெலும்பில் மயக்க நிலையில் சத்திரசிகிச்சை செய்தனர். மயக்கம் மட்டும் பெற்ற சுண்டெலிகளோடு ஒப்பிடுகையில், சத்திரசிகிச்சை பெற்றவையே நினைவில் பின்தங்கின. முதுமையில் இந்தக் காவலர் எளிதில் கிளர்ந்தெழுவர், அடங்கவும் நாளாகும்.

"இவை எல்லாம் சுண்டெலிக் கதை அல்லவா? மனிதருக்கு என்ன ஆதாரம்?" என்று கேட்பீர்கள். கேட்கவேண்டிய கேள்விதான். அமெரிக்காவிலும் கனடாவிலும், இடுப்புப் பக்கத்து எலும்பு முறிந்த 1,600 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு முழு மயக்கமும், மறுபாதிக்கு முதுகில் ஊசியேற்றிக் கீழுடலை மட்டும் மரக்கச் செய்யும் முறையும் கையாண்டனர். 2021-இல் முடிவு வெளியாயிற்று. இரு பகுதியிலும் நூற்றுக்கு ஏறத்தாழ 20 பேருக்குத் தடுமாற்றம் வந்தது, வேறுபாடு இல்லை. சீனாவில் 65 வயதுக்கு மேற்பட்ட 950 பேரிடம் நடந்த ஆராய்ச்சி 2022-இல் வெளிவந்தது. அங்கே முதுகு ஊசி முறையில் உறக்க மருந்துகூடக் கொடுக்கவில்லை. அப்படியும் தடுமாற்றம் அவர்களுள் நூற்றுக்கு 6.2 பேருக்கு வந்தது. முழு மயக்கம் பெற்றவர்களுள் 5.1 பேருக்கு வந்தது.

மயக்க மருந்தே குற்றவாளியாயின், அதைப் பெறாதவர்கள் தப்பியிருக்க வேண்டும் அல்லவா? மருந்துக்கு ஒரு பங்கும் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆய்வுகூடங்களில் சில மயக்க மருந்துகள் இந்தக் கலங்களைத் தணித்ததும் உண்டு. சில நிலைமைகளில் தூண்டியதும் உண்டு. அளவறிந்து கொடுப்பதற்கே மயக்க மருந்து நிபுணர் இருக்கிறார். ஆனால் முறிந்த எலும்பை அப்படியே விட்டுவிட்டால் அபாயக் குரல் ஓயாது. அத்துடன், படுத்த படுக்கையாகக் கிடப்பவரைச் சளிச் சுரமும், படுக்கைப் புண்ணும், காலில் இரத்தம் உறைவதும் வந்து சேரும். ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்றோ மறுநாளோ இந்தச் சத்திரசிகிச்சையைச் செய்துவிட வேண்டும் என்பது பிரித்தானிய வைத்திய வழிகாட்டிகளின் விதி.

இவ்வளவையும் அண்ணனிடம் சொன்னேன். நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்படியென்றால் நாங்கள் செய்யக்கூடியது ஒன்றுமே இல்லையா?" என்று கேட்டார். அதுதான் நல்ல கேள்வி.

செய்யக்கூடியது நிறைய உண்டு. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 1999-இல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். பொது வைத்திய விடுதிகளில் இருந்த 70 வயதுக்கு மேற்பட்ட 852 நோயாளருள் ஒரு பகுதியினருக்கு மாத்திரை ஏதும் கூட்டாமல், சிறு சிறு பணிவிடைகளைச் செய்தனர். கண்ணாடியை அணிவித்தனர், காது கேட்கும் கருவியைப் பொருத்தினர், நாளையும் இடத்தையும் நினைவூட்டிப் பேசினர், நீர் பருகச் செய்தனர், எழுந்து நடக்க உதவினர், இரவில் சந்தடியின்றி உறங்கவிட்டனர். வழக்கமான கவனிப்புப் பெற்றவர்களுள் நூற்றுக்கு 15 பேர் தடுமாறினர், இவர்களுள் 9.9 பேர் மட்டுமே.

மறுநாள் பெரியம்மாவுக்குச் சத்திரசிகிச்சை நடந்தது. முன்பு எப்போதாவது தடுமாற்றம் வந்ததா, என்னென்ன மருந்து உட்கொள்கிறார் என்பதையெல்லாம் அண்ணன் வைத்தியரிடம் ஒளிக்காமல் கூறினார். இரண்டாம் இரவில் நாங்கள் அஞ்சியது வந்தது. "ஆட்டைக் கட்டவில்லையே, படலையைச் சாத்து!" என்று பெரியம்மா எழ முயன்றார். ஆடு விற்று இருபது வருஷம் ஆயிற்று. அண்ணன் அதட்டவில்லை, வாதாடவும் இல்லை. தாதியை அழைத்துச் சொல்லிவிட்டு, கண்ணாடியை எடுத்து அணிவித்து, கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, நான்தான். ஆஸ்பத்திரியில் இருக்கிறோம். கால் நன்றாகி வருகிறது" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நான்காம் நாள் காலை பெரியம்மா அவரை ஏற இறங்கப் பார்த்து, "என்னடா, சவரம் செய்ய நேரமில்லையா?" என்று கேட்டாராம்.

எல்லோருக்கும் இவ்வளவு விரைவில் தெளிந்துவிடும் என்று சொல்வதற்கில்லை. சிலருக்கு வாரங்கள் செல்லும். சிலருக்குப் பழைய நினைவாற்றல் முழுதும் திரும்பாமலும் போகலாம். ஆகையால் தடுமாற்றத்தைக் கண்டதும் "வயதாகிவிட்டது" என்று விட்டுவிடாமல் வைத்தியருக்குத் தெரிவியுங்கள். நோவு, காய்ச்சல், சிறுநீர் அடைப்பு ஆகிய எதுவும் அதற்குக் காரணமாகலாம். காரணத்தை நீக்கினால் தெளிவு வரும்.

மூளைக்குள் இருக்கும் காவலருக்கு நாம் கட்டளையிட முடியாது. கட்டிலின் பக்கத்தில் அமர்ந்திருக்கும் காவல் நம் கையில் இருக்கிறது. உங்கள் வீட்டு முதியவருக்குச் சத்திரசிகிச்சை என்றால், பழங்களை வாங்கிப் பையில் போடுமுன் அவரது கண்ணாடியை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.