தை மாசக் குளிரில் இன்குபேட்டர் பிசினஸ்: லோன் போடுறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் பாருங்க

போன வாரம் சித்தி பையன் திருப்பூரிலிருந்து போன் பண்ணினான். சம்பளம் 32,000. "அண்ணா, 500 முட்டை இன்குபேட்டர், இன்வெர்ட்டர், சின்னதா ஒரு ஷெட், எல்லாம் சேர்த்து 1.8 லட்சம். பர்சனல் லோன் அப்ரூவ் ஆயிடுச்சு. மாசியில குஞ்சு எடுத்தா ஆடிக்கு நாட்டுக்கோழி ரெடி. கோயில் சீசன், நல்ல விலை. போடட்டுமா?"

வேண்டாம்டான்னு சொன்னேன். ஏன்னு விளக்க அரை மணி நேரம் ஆச்சு. அதைத்தான் இங்க எழுதுறேன்.

ஆடிக் கணக்கில் தப்பே இல்லை. நாட்டுக்கோழி விற்கிற எடைக்கு வர நாலஞ்சு மாசம் ஆகும். அவன் பார்க்காதது நடுவில் இருக்கிற சித்திரை, வைகாசி வெயிலையும் வெள்ளைக்கழிச்சலையும். அதுக்கும் முன்னாடி, குளிர் முடியாத இந்த மாசத்தில் முட்டையைக் குஞ்சாக்கணும். அதை நானே பட்டிருக்கேன்.

நான் இருப்பது ஓசூர். போன தை மாசம் 7,500 ரூபாய்க்கு 50 முட்டை மெஷின் வாங்கினேன். ஆசைதான், வேற காரணம் இல்லை. 48 முட்டை வச்சேன். உள்ளே 37.5 டிகிரி இருக்கணும். முதல் 18 நாள் ஈரப்பதம் 50 சதவீதம் பக்கத்தில், கடைசி மூணு நாள் 65-க்கு மேல். முட்டையைத் திருப்புறதை மெஷினே பார்த்துக்கும். ஆனா அறை ராத்திரியில் ஜில்லுன்னு ஆயிட்டா சின்ன மெஷின் திணறும். காத்தும் வறண்டு கிடக்கும், தண்ணி ஊத்திக்கிட்டே இருக்கணும். ஏழாம் நாள் டார்ச் அடிச்சுப் பார்த்தா 9 கூமுட்டை. பன்னிரண்டாம் நாள் ராத்திரி மூணு மணி நேரம் கரண்ட் இல்லை. மெஷினுக்குப் போர்வை போத்திட்டு பக்கத்துலயே உட்கார்ந்திருந்தேன். 21-ம் நாள் ஒண்ணும் நடக்கலை. சூடு குறைஞ்சா பொரிக்கிறது தள்ளிப்போகும்னு தெரியும், ஆனாலும் மனசு கேட்கலை. 22-ம் நாள் காலையில் முதல் கீச் சத்தம். மொத்தம் 27 குஞ்சு.

வீடியோக்கள் இந்த இடத்தோட முடிஞ்சிடும். செலவு ஆரம்பிக்கிறதே இங்கதான். முதல் வாரம் குஞ்சுக்கு 32-லிருந்து 35 டிகிரி சூடு வேணும், அப்புறம் வாரத்துக்கு 3 டிகிரி மாதிரி குறைச்சுக்கிட்டு வரலாம். நான் அட்டைப்பெட்டியில் ஒரு பல்பு மட்டும் போட்டேன். விடியற்காலைக் குளிரில் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நசுங்கி நாலு போச்சு. அடைக்கோழி இறக்கைக்கு அடியில் சும்மா செய்யுற வேலை இது.

கணக்கு: முட்டை 960. மெஷினுக்கும் பல்புக்கும் சேர்த்து 60 யூனிட் சொச்சம், 400-ன்னு வச்சேன். (வீட்டு மீட்டர்ல ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினா கீழ் ஸ்லாப் ரேட்டும் ஏறிடும், ஜாக்கிரதை.) ஒரு மாசத் தீவனம் 670. தடுப்பு மருந்து 250. 23 குஞ்சு இருந்தாலும் 100 டோஸ் குப்பிதான் வாங்கணும். மொத்தம் 2,280. மாசக் குஞ்சு ஒண்ணு 110 ரூபாய், 2,530 வந்துச்சு. லாபம் 250! மெஷின் அஞ்சு வருஷம் ஓடும், வருஷத்துக்கு நாலு ஈடு வைப்பேன்னு தேய்மானம் போட்டா ஈடுக்கு 375. ஆக 125 ரூபாய் நஷ்டம். என் தூக்கத்துக்குக் கூலி போடவே இல்லை.

"அது சின்ன மெஷின்ணா, 500-ன்னா கதையே வேற"ன்னான். சரி, போட்டுப் பார்ப்போம். 1.8 லட்சம், 14% வட்டி, மூணு வருஷம்: இஎம்ஐ சுமார் 6,150. முட்டை 20 ரூபாய்னா ஒரு ஈடுக்கு 10,000. அவன் சொன்ன 85% பொரிச்சா 425 குஞ்சு, ஒரு நாள் குஞ்சு 35 ரூபாய்க்கு 14,875. மிச்சம் 4,875. சுத்தம் பண்ற நாளையும் சேர்த்தா வருஷத்துக்கு 15 ஈடு. மாசத்துக்குச் சராசரி 6,094. எல்லா ஈடும் 85% பொரிச்சு, எல்லாக் குஞ்சும் அன்னிக்கே வித்து, கரண்ட் பில்லே கட்டாம இருந்தாலும் இஎம்ஐக்கு 56 ரூபாய் குறையுது. 70% பொரிச்சா ஈடுக்கு 2,250தான். குளிர் மாசத்தில், முதல் ஈட்டில், 70% வந்தாலே நான் கை தட்டுவேன்.

அடுத்து, "விவசாய வருமானம்தானே, டாக்ஸ் இல்லையே?" இல்லப்பா. கோழி வளர்ப்பு வருமான வரிச் சட்டப்படி விவசாய வருமானம் ஆகாது, வியாபார வருமானம். நீங்க வழக்கமா போடுற ஐடிஆர்-1 இனிமே போட முடியாது; உத்தேச வரி முறையில் போனா ஐடிஆர்-4. நஷ்டம் வந்தா அதைச் சம்பளத்தில் கழிச்சு டிடிஎஸ் ரீஃபண்ட் வாங்கலாம்னு நினைக்கிறவங்களுக்கு: வியாபார நஷ்டத்தைச் சம்பளத்தோட ஈடுகட்டச் சட்டம் விடாது. கெடுவுக்குள்ள ரிட்டர்ன் போட்டிருந்தா எட்டு வருஷம் வரை அடுத்து வர்ற வியாபார லாபத்தில் கழிச்சுக்கலாம், அவ்வளவுதான்.

இதுக்காகக் கோழியே வளர்க்காதீங்கன்னு சொல்ல வரலை. ஊர்ல சொந்தச் சேவலும் பெட்டையும் இருந்து முட்டை வீட்டிலேயே கிடைக்குதுன்னா, அந்த 10,000 பெரும்பாலும் கையில நிக்கும்; கணக்கு மாறும். அங்கேயும் ரெண்டு மூணு அடைக்கோழியை வச்சு ஆரம்பிக்கிறதுதான் என் கட்சி. ஆனா முட்டையையும் விலைக்கு வாங்கி, மெஷினையும் கடன்ல வாங்கி, ஆபீஸ் ஷிஃப்ட்ல இருந்துக்கிட்டு ராத்திரி கரண்ட் போனா யார் பார்ப்பான்னே தெரியாம இறங்குறதை சைடு இன்கம்னு சொல்ல எனக்கு வாய் வரலை.

தம்பி கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "அந்த 50 முட்டை மெஷின் இப்ப சும்மாதானே இருக்கு?"ன்னு கேட்டான். வந்து எடுத்துட்டுப் போடா, கூட ஒரு பழைய போர்வையும் தர்றேன்னு சொல்லியிருக்கேன். லோனை இன்னும் கேன்சல் பண்ணலையாம்.