வேலூர்க் கோட்டையும் தெரணியகலை லயன்களும்

தெரணியகலைத் தோட்டங்களிலிருந்து தமிழகத்துக்குத் தலயாத்திரை செல்லும் நம்மவரிற் சிலர், திருவண்ணாமலையைத் தரிசித்தபின் வேலூருக்கும் சென்று கோட்டையைச் சுற்றிப் பார்த்துத் திரும்புகின்றனர். அகழியைக் கண்டோம், சலகண்டேசுவரர் ஆலயத்தைக் கண்டோம், கலியாண மண்டபத்துச் சிற்பங்களைக் கண்டோம் என்கின்றனர். கண்டது நன்றே. ஆனால், அக்கோட்டை மலையகத் தமிழனைப் பற்றிச் சொல்லும் செய்தியைக் கேட்டவர் எத்தனை பேர்?

பதினாறாம் நூற்றாண்டில் விசயநகரப் பேரரசின்கீழிருந்த நாயக்கர் எழுப்பிய கருங்கற் கோட்டை அது. பீசப்பூர்ச் சுல்தான், மராட்டியர், ஆர்க்காட்டு நவாப்பு என்று கைமாறி, ஈற்றில் ஆங்கிலக் கும்பினியாரின் வசமாயிற்று. அரசர் வாழ்ந்த கோட்டை அரசரைப் பூட்டிவைக்கும் சிறையாக மாறிற்று. 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்ததும் அவர் மக்கள் அங்கு அடைக்கப்பட்டனர். 1806 யூலை 10ஆம் நாள் சிப்பாய்கள் அங்கே கிளர்ந்தெழுந்தனர். ஒரே நாளில் இரத்தத்தில் மூழ்கடிக்கப்பட்டனர். 1816இல் அக்கோட்டைக்கு இன்னொரு கைதி வந்தான். அவனே கண்டியின் கடைசி மன்னன் சிறீ விக்கிரம இராசசிங்கன். பதினாறு ஆண்டுகள் சிறையிருந்து, 1832 சனவரி 30ஆம் நாள் அங்கேயே மாண்டான். கோட்டைக்குள் ஒரு மாளிகை இன்றும் கண்டி மகால் என்றே வழங்குகின்றது. பாலாற்றங்கரையில் அவன் நினைவாக முத்து மண்டபமும் உண்டு.

மன்னனை மட்டுமா விலக்கினர்?

1815 மார்ச்சு 2ஆம் நாள் எழுதப்பட்ட கண்டி உடன்படிக்கையைச் சட்டம் பயின்றோர் மட்டுமல்ல, தோட்டத்து இளைஞர் ஒவ்வொருவரும் படித்தல் வேண்டும். அதன் இரண்டாம் பிரிவு, கண்டி மாகாணங்களை ஆள மலபார் இனத்தவருக்கு இருந்த உரித்தை ஒழித்தது. மூன்றாம் பிரிவோ மன்னனின் ஆண் உறவினரைப் பகைவர் என்றது. வெளியேற்றப்பட்ட மலபார் ஆண்கள், பிரித்தானிய அரசின் எழுத்துமூல அனுமதியின்றித் திரும்பி வரலாகாது என்றது. மீறினால் இராணுவச் சட்டம் பாயும் என்றது. மலபார் என்று அக்கால ஆங்கிலேயர் எழுதியது தமிழரையே.

மை காய்ந்து பத்தாண்டு ஆகவில்லை. மலைகளிற் கோப்பி நாட்ட ஆள் வேண்டுமென்றதும் அதே ஆங்கிலேயர் கடலுக்கு அப்பாற் கை நீட்டினர். வரக்கூடாது என்று விலக்கப்பட்ட இனம், வந்தே ஆகவேண்டிய கூலியாயிற்று! மணிமுடி தரித்த தமிழன் ஆகாது. மண்வெட்டி பிடித்த தமிழன் ஆகும்! இதனினும் வெட்கங்கெட்ட நீதி உண்டா?

இரு தரப்புக்கும் ஒரு சொல்

“இது கண்டிய மண், நீங்கள் நேற்று வந்தவர்கள்” என்போருக்கு ஒரு சொல். கண்டிய உழவனின் நிலத்தை விழுங்கியது தமிழ்த் தொழிலாளியல்லன். 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிக் கட்டளைச் சட்டமே அதனைப் பறித்தது. பறித்த கை எதுவோ, அதே கை எம்மைக் காம்பராவில் அடைத்தது. இருவரையும் வஞ்சித்தவனை விட்டு, வஞ்சிக்கப்பட்ட அயலவனோடு பொருதுதல் அறிவுடைமையாகுமா?

“கண்டி மன்னன் தமிழன், ஆகவே இம்மண் நமது” என்று மார்தட்டும் நம்மவருக்கும் ஒரு சொல். அந்த நாயக்கர் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர். 1739இல் அரியணை ஏறியவர். அவர்களுட் கீர்த்தி சிறீ இராசசிங்கன் 1753இல் சீயத்துப் பிக்குகளை வரவழைத்துப் பௌத்தத்தையே புதுப்பித்தவன். மன்னர் குருதியை நம்பி வழக்காடுவோன், அம்மன்னரை வீழ்த்திய உடன்படிக்கையிலேயே தோற்றுப்போவான். நமது உரித்து அரியணையில் இல்லை. இருநூறு ஆண்டு உழைப்பில் இருக்கின்றது.

காகிதத்துக்குக் காகிதமே மறுமொழி

1815இல் ஒரு காகிதம் எம்மை விலக்கிற்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் எம்மை நாடற்றவராக்கிற்று. அடுத்த ஆண்டே வாக்குரிமையும் போயிற்று. 1964இல் சிறிமா - சாத்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரைச் சரக்குப்போற் கணக்கிட்டு இந்தியாவுக்கு ஒதுக்கிற்று. எவரேனும் எம்மைக் கேட்டனரா? 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வந்த பின்னரே எஞ்சியோருக்கும் பிரசாவுரிமைக்கு வழி திறந்தது.

ஆயினும், பிரசை எனப்பட்டவனுக்கு வீடு எங்கே? 1972இன் காணிச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. 1975இற் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. மும்முறை முதலாளி மாறினான். லயனில் வாழ்வோன் பெயரில் உறுதி எழுதவேண்டும் என்ற கடமையை இவற்றுள் எதுவும் விதிக்கவில்லை. வாக்கு உண்டு, வரி உண்டு. நிற்கும் நிலத்துக்கு உறுதி இல்லை. துரையின் அனுமதியில் வாழ்வது, 1815இன் எழுத்துமூல அனுமதியில் வாழ்வதினின்றும் எவ்வகையில் வேறு?

தமிழ்ப் பெருமக்களே! பேர்ச் கணக்கில் நிலம் தருவோம் என்ற மேடைப் பேச்சு உறுதியாகாது. அளந்து, வரைபடம் கீறி, கணவன் மனைவி இருவர் பெயரிலும் எழுதி, காணிப் பதிவகத்திற் பதிந்த உறுதியே உறுதி. கற்றோர், பிறப்புச் சான்றிதழும் தோட்டப் பதிவும் திரட்ட ஒவ்வொரு டிவிசனுக்கும் செல்லுங்கள். சிறுதோட்ட உழவர்களே, உங்கள் அயலிலுள்ள லயன் மக்களின் கோரிக்கையிற் கையொப்பமிடுங்கள். வாக்குக் கேட்டு வருவோனிடம் வாக்குறுதி கேளாதீர்; காணியுறுதியைக் கேளுங்கள்!

வேலூரில் மாண்ட மன்னனுக்கு மண்டபம் கிடைத்தது. தெரணியகலையில் வாழும் தொழிலாளிக்கு, வாழும்போதே ஒரு துண்டு நிலம் கிடைத்தாக வேண்டும்.