செலவு கேட்டால் பிள்ளையைப் பறிக்கலாமா?



இம்முறை வந்த கடிதங்களில் ஒன்று மிகச் சிறியது. தலாக் சொல்லிவிட்டுப் போன கணவரிடம் பிள்ளையின் செலவுக்குக் கேட்டால், "கேட்டுப் பார், காதியாரிடம் சொல்லிப் பிள்ளையை எடுத்துவிடுவேன்" என்கிறாராம். பேசாமல் இருந்துவிடட்டுமா என்று அந்தச் சகோதரி கேட்கிறார். பெயரும் ஊரும் தேவையில்லை. காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் ஓட்டமாவடியிலும் இதே பேச்சைப் பலர் வாயால் கேட்டிருக்கிறேன். ஆகவே பதிலை எல்லோருக்குமாகவே எழுதுகிறேன்.

பேசாமல் இருக்க வேண்டாம். அந்த மிரட்டலுக்குச் சட்டத்திலும் இடமில்லை, மார்க்கத்திலும் இடமில்லை.

நம் நாட்டில் முஸ்லிம்களின் விவாகமும் விவாகரத்தும் 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வருகின்றன. காதியார் எவற்றை விசாரிக்கலாம் என்பதை அதன் 47ஆம் பிரிவு சொல்கிறது. மஹர், கைக்கூலி, மனைவியின் தாபரிப்பு, பிள்ளையின் தாபரிப்பு, இத்தாக் காலச் செலவு, பிரசவச் செலவு ஆகியவை அதில் உண்டு. பிள்ளை யாரிடம் வளர வேண்டும் என்ற கட்டுக்காவல் விடயம் அதில் இல்லை. அது மாவட்ட நீதிமன்றத்தின் வேலை. இரு தரப்பையும் உட்காரவைத்து இணக்கம் பேச காதியாரால் முடியும். "பிள்ளையைக் கொடு" என்று கட்டளையிட முடியாது. மாவட்ட நீதிமன்றமோ முஸ்லிம் சட்டத்தையும் பிள்ளையின் நலனையும் சேர்த்தே பார்க்கும். தாபரிப்புக் கேட்டாள் என்பதற்காக ஒரு தாயிடமிருந்து பிள்ளையை எடுப்பதற்கு அங்கும் வழியில்லை.

இனி மார்க்கம். தன் வயிற்றில் சுமந்து, மடியில் வளர்த்த மகனைத் தகப்பன் பறிக்கப் பார்க்கிறான் என்று ஒரு பெண் நபி (ஸல்) அவர்களிடம் முறையிட்டபோது, நீ மறுமணம் செய்யாத வரை உனக்கே அதிக உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். அபூதாவூதில் பதிவான ஹதீஸ் இது. நம்மில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில், விபரம் தெரியும் வயது வரை, அதாவது ஏறத்தாழ 7 வயது வரை, ஆண் பிள்ளையானாலும் பெண் பிள்ளையானாலும் தாயிடமே இருக்கும். பிறகு பிள்ளையின் விருப்பம் கேட்கப்படும். தாய் மறுமணம் செய்தால் உடனே தகப்பன் வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல, தாய்க்கு அடுத்தபடியாக உரிமை உம்மம்மாவுக்கு. வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன தாய்மாரின் பிள்ளைகளை நம்மூர் உம்மம்மாமார்தானே வளர்க்கிறார்கள்? அவர்கள் வெறும் உதவிக்கு நிற்பவர்கள் அல்லர், உரிமை உள்ளவர்கள்.

பிள்ளை எங்கே வளர்ந்தாலும் செலவு தகப்பனுடையது. அல்பகராவின் 233ஆம் வசனம் பாலூட்டும் தாயின் உணவையும் உடையையும் தகப்பன் மீதே சாட்டுகிறது. கணவர் அபூஸுப்யான் போதியளவு தருவதில்லை என்று ஹிந்த் (ரழி) முறையிட்டபோது, உனக்கும் உன் பிள்ளைக்கும் வழமைப்படி போதுமானதை அவருடைய பொருளிலிருந்து எடுத்துக்கொள் என்று நபியவர்கள் அனுமதித்தார்கள். போதுமானது, வழமைப்படி, இந்த இரண்டு சொற்களும் போதும், இன்றைய கணக்குக்கும்.

நம் பகுதிக்கென்றே ஒரு சாட்டு இருக்கிறது. வாவிக்கரை ஊர்களில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவதே வழக்கம். வீடும் வளவும் பெரும்பாலும் பெண்ணின் பெயரில் எழுதப்படும். பிரிவு வந்தால் அவர் தன் உடுப்புப் பெட்டியோடு தாய் வீட்டுக்குப் போய்விடுகிறார். பிறகு "அவளுக்குத்தான் வீடு இருக்கிறதே, செலவு எதற்கு?" என்கிறார். ஜமாஅத்துப் பெரியவர்கள் சிலரும் தலையாட்டுகிறார்கள். எனக்கு இது கொஞ்சமும் விளங்குவதில்லை. அந்த வீட்டைக் கட்டியது அவளுடைய வாப்பா. பல வேளை கடன் பட்டு, அல்லது சகோதரர்கள் உழைத்து. பெண் வீட்டார் கட்டிய சுவர் எப்படி மாப்பிள்ளையின் கடமையைத் தீர்க்கும்? மனைவி செல்வந்தராக இருந்தாலும் நபகா கணவன் மீது கடமை என்பதை எங்கள் ஓதற்பள்ளி மாணவனே சொல்வான்.

இன்னொன்று, பிரியும் நேரத்தில் நடக்கும் பேரம். "மஹரையும் விடு, பிள்ளைச் செலவையும் விடு, அப்போதுதான் சம்மதிப்பேன்" என்று கையொப்பம் கேட்கிறார்கள். மஹர் உங்களுடையது, விட்டுக்கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. பிள்ளையின் சோறு உங்களுடையதல்ல. குல்உவுக்குப் பகரமாகத் தாய் குறிப்பிட்ட காலம் பிள்ளையைப் பராமரிக்க ஏற்பது பற்றிக் கிதாபுகளில் பேச்சு உண்டு என்பதை மறைக்கவில்லை. ஆனால் அவளுக்கு வசதி இல்லாதபோது பிள்ளை பட்டினி கிடக்க வேண்டும் என்று எந்தக் கிதாபும் சொல்லவில்லை. கடமை தகப்பனிடமே வருகிறது. வாசித்து விளங்காத எதிலும் கையொப்பம் வைக்காதீர்கள்.

தொலைபேசியிலோ வாட்ஸ்அப்பிலோ தலாக் சொல்லிவிட்டார் என்றால் அதையும் காதியாரிடம் கொண்டுபோங்கள். மார்க்கத்தில் அதன் நிலை என்ன என்பதை ஆலிம்களிடம் கேளுங்கள். பதிவு வேறு விடயம். சட்டப்படி கணவர் முதலில் தன் எண்ணத்தைக் காதியாருக்கு அறிவிக்க வேண்டும். உறவினரையும் பெரியவர்களையும் கொண்டு இணக்க முயற்சி நடக்க வேண்டும். 30 நாள் கடந்தும் இணங்காவிட்டால், காதியாரும் இரண்டு சாட்சிகளும் இருக்கவே தலாக் சொல்ல வேண்டும். பதிவில்லாமல் விட்டால் நாளை உங்கள் மறுமணத்தில் சிக்கல் வரும்.

காதி நீதிமன்றத்தில் சட்டத்தரணி தோன்ற முடியாது. அதற்காகப் பயப்பட வேண்டாம், வாப்பாவையோ நானாவையோ கூட்டிப்போகலாம். வெறுங்கையோடு போகாதீர்கள். விவாகப் பதிவின் பிரதி, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், பால்மா, பாடசாலை, மருந்துச் செலவுகளின் துண்டுகள், அவருடைய தொழில் வருமானம் பற்றித் தெரிந்தவை எல்லாம் கையில் இருக்கட்டும். வாவியில் வலை போடுபவருக்கும் வயல் செய்பவருக்கும் மாதச் சம்பளம் கிடையாது. "இந்த மாதம் ஒன்றுமில்லை" என்பார்கள். போகத்தையும் மீன்படும் காலத்தையும் கணக்கிட்டு, மாதத்துக்கு இவ்வளவு என்று ஒரே தொகையாகக் கேளுங்கள். கட்டளையிட்டும் செலுத்தாவிட்டால், காதியார் நீதவான் நீதிமன்றத்துக்கு அனுப்பி, தண்டப்பணம் அறவிடுவது போல அறவிடச் செய்யலாம். தீர்ப்பில் திருப்தி இல்லையென்றால் காதிகள் சபைக்கு மேன்முறையீடு செய்யலாம். அதற்குக் கால எல்லை உண்டு, தள்ளிப்போடாதீர்கள்.

கலியாணத்தில் மாப்பிள்ளைக்குக் கொடுத்த ரொக்கமும் அசையும் பொருளும் கைக்கூலி என்ற பெயரில் திரும்பக் கேட்கக்கூடியவை. வீடு, காணி அதில் சேராது; உறுதியில் இருவர் பெயரும் இருந்தால் அந்த வழக்குச் சாதாரண நீதிமன்றத்துக்கே போகும்.

கடிதம் எழுதிய சகோதரியே, இந்த வாரமே உங்கள் பகுதிக் காதியாரிடம் பிள்ளையின் பெயரிலும் உங்கள் இத்தாச் செலவுக்காகவும் தாபரிப்பு மனுவைக் கொடுங்கள். கட்டுக்காவல் கேட்டு அவர் மாவட்ட நீதிமன்றம் போனால் அங்கே சட்டத்தரணி தேவைப்படும். வசதி இல்லாதவர்களுக்கு உதவவே சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது, மட்டக்களப்பிலும் அதன் நிலையம் உண்டு. மனுவின் பிரதியில் திகதியிட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.